கடைசிப் பக்கத்தில் அழுதால் போதுமா?

கிறிஸ்தவக் கதைகள் எழுதுகிற நம்மவர்களிடம் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி இது. உங்கள் கதைகளில் மன்னிப்பு ஏன் இவ்வளவு சீக்கிரமாக வந்துவிடுகிறது? கதை முழுக்க அண்ணன் தம்பியை ஏமாற்றுகிறார், அப்பாவின் வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொள்கிறார், தம்பி குடும்பம் வாடகை வீட்டில் அல்லாடுகிறது. கடைசியில் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து பிரசங்கம் கேட்டு அழுகிறார், தம்பி ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான், அதோடு கதை முடிந்தது. சரி, அந்த வீடு என்ன ஆச்சு? ஒரு வரி கூடக் கிடையாது. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்த வரி வசூல்காரன் சகேயு இறங்கி வந்ததும் என்ன சொன்னான்? ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். சுவிசேஷம் எழுதிய லூக்கா அந்தக் கணக்கை விடாமல் எழுதி வைத்திருக்கிறார், நாம் மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன்காரி, அங்கே இந்தியர்கள் குடியிருக்கும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். இந்த ஊரில் மன்னிப்பைப் பற்றி லேசாக எழுத முடியாது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்த, 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து கிளப்பிவிடப்பட்டு இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்ட குடும்பங்கள்தான் எங்கள் சபையில் பாதிப் பேர். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, ஜெபத்தில் யாரையும் சபித்து நான் கேட்டதில்லை, அரசாங்கத்துக்காகவும் ஜெபிப்பார். ஆனால் பஸ் கேட்டோ மேனர் மேட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, இங்கேதான் நம்ம மாமரம், அதோ அங்கே கீரைப்பாத்தி, அதற்கு அடுத்தது இன்னார் வீடு என்று வெறும் புல்லைக் காட்டிச் சொல்லிக்கொண்டே வருவார். மன்னித்த மனுஷிதான், ஒன்றையும் மறக்கவில்லை. இந்த மாதிரி ஒருத்தியை நம் கதைகளில் நான் இன்னும் பார்க்கவில்லை.

1996-இல் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் நிறவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளைப் பற்றிய விசாரணையைத் தொடங்கியது எல்லாருக்கும் தெரியும். அங்கே பொதுமன்னிப்பு கேட்டு வந்தவர்கள் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லியாக வேண்டும், அரசியல் காரணத்துக்காகச் செய்தது என்றும் காட்டியாக வேண்டும். வருத்தப்பட வேண்டும் என்று சட்டத்தில் நிபந்தனையே இல்லை. பறிகொடுத்தவர்களுக்கு 2003-இல் அறிவித்த ஈட்டுத்தொகை 30,000 ராண்ட். அது போதுமா என்று இன்றைக்கும் வீட்டுக்கு வீடு வாக்குவாதம் நடக்கிறது, நடக்கத்தான் வேண்டும். கதை எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய சுரங்கம் எங்கே கிடைக்கும்!

வேதத்திலேயே, அண்ணன்மார் விற்றுப்போட்டு எகிப்தில் அதிகாரியான யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தானியம் வாங்க வந்த அண்ணன்மாரைப் பார்த்த உடனே கட்டிக்கொண்டானா? கடுமையாகப் பேசினான், மூன்று நாள் காவலில் போட்டான், சிமியோனைப் பிடித்துக் கட்டுவித்தான், நடுவில் அவர்களை விட்டு ஒதுங்கிப்போய் அழுதுவிட்டு வந்தான். தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்னால் வந்து நின்ற பிறகுதான் உடைந்து போனான். அதோடும் விஷயம் முடியவில்லை, இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பல வருஷம் கழித்து அப்பா யாக்கோபு செத்ததும் அண்ணன்மாருக்கு மறுபடியும் பயம் வந்துவிடுகிறது, இனி நம்மைப் பழிவாங்குவானோ என்று ஆள் அனுப்புகிறார்கள், யோசேப்பு திரும்பவும் அழுகிறான். ஒருதரம் கொடுத்த மன்னிப்பைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான் என்று நான் நினைக்கிறேன்.

நம்ம மாகாணத்துக்காரர் ஆலன் பேட்டன் 1948-இல் வெளியிட்ட 'க்ரை, தி பிலவட் கன்ட்ரி' நாவலை இதற்காகவே எல்லாரும் படிக்க வேண்டும். கொலைகாரனின் அப்பா கூமாலோ ஒரு கிராமத்துப் போதகர். செத்தவனின் அப்பா ஜார்விஸ் அதே பக்கத்துப் பண்ணைக்காரர். உங்கள் மகனைக் கொன்றது என் மகன்தான் என்று அந்தக் கிழவர் நடுங்கிக்கொண்டே சொன்னதும் ஜார்விஸ் தோட்டத்துப் பக்கம் தனியாக நடந்துபோய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார். கட்டிப்பிடித்தல் எல்லாம் இல்லை, எனக்குள் கோபம் இல்லை என்கிற அளவில் முடித்துக்கொள்கிறார். அப்புறம் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பால் வந்து சேர்கிறது, அணை கட்ட ஏற்பாடு நடக்கிறது. மகனுக்கோ தூக்குத்தான். மன்னிப்பும் இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது, தயவு பால் கேனில் வருகிறது. விசுவாசத்தைப் பற்றி எழுதினால் இப்படி எழுத வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனை மனைவி ஜெபத்தோடு மன்னித்து, அவன் மனந்திரும்பி, அவள் திரும்பிப் போய்ச் சேர்ந்து வாழ்கிற கதையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இதைப் படித்துவிட்டு இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று அடிவாங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் சபையிலேயே இருக்கிறார்கள். அவள் மன்னிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? மன்னித்துவிட்டு அக்கா வீட்டிலேயே இருக்கட்டும், பிள்ளைகளை அங்கிருந்தே பள்ளிக்கூடம் அனுப்பட்டும், போலீஸில் கொடுத்த புகாரையும் வாபஸ் வாங்காமல் இருக்கட்டும். அப்படி ஒரு கதை எழுதினால் அனுப்புங்கள், எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் நானே வாசிக்கிறேன்.