அட்டெண்டன்ஸ் மெடல்

ஆகஸ்ட் பதினைந்தன்று எங்கள் குடியிருப்பு விழாவில் கர்னல் சாரை மேடையேற்றினார்கள்; அன்றே அவர் பதக்கங்களைக் கேலி செய்து ஒருவர் பதிவு போட்டார். நடந்ததை முழுக்க மறுபடி விவரிக்கப் போவதில்லை. அந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட் இந்நேரம் எல்லார் போனிலும் ஒரு சுற்று வந்திருக்கும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

மைக் பிடித்த பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. சின்னப் பையன், உற்சாகத்தில் "போர்க்களத்தில் 11 வீரப் பதக்கங்கள் வென்ற கர்னல்" என்று சொல்லிவிட்டான். கர்னல் சார் பேசாமல் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எங்களில் யாருக்கு என்ன தெரியும்? ஆனால் மைக்கை வாங்கி, "தம்பி, இதில் வீரத்துக்குக் கொடுத்தது ஒன்றுதான், சேனா மெடல். மற்ற பத்தும் வேலை பார்த்ததற்கு" என்றார். அந்தச் சேனா மெடலைக்கூட வீரத்துக்கும் தருவார்கள், சிறந்த பணிக்கும் தருவார்கள். இரண்டுக்கும் ரிப்பன் ஒன்றேதான். பார்த்தால் தெரியாது. அவர் நினைத்திருந்தால் என்ன கதை வேண்டுமானாலும் விட்டிருக்கலாம்.

இப்படித் தன்னைத் தானே குறைத்துச் சொன்ன மனிதருக்கு அன்று சாயங்காலமே கிடைத்த மரியாதை: "அப்போ பத்தும் அட்டெண்டன்ஸ் மெடல்தானா!" அதற்கு 83 சிரிப்பு.

சரி, அட்டெண்டன்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே போட்ட அட்டெண்டன்ஸ் என்று ஒருவராவது கேட்டீர்களா?

அந்தப் பத்தில் ஒன்று சியாச்சின் பதக்கம். வடக்கு எல்லையில் உள்ள அந்தப் பனியாற்றில் பணி செய்ததற்குத் தருவது. சுட வேண்டாம், கொடி நட வேண்டாம். இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2016 பிப்ரவரியில் ஏறக்குறைய 19,600 அடி உயரத்தில் ஒரு காவல் நிலை பனிச்சரிவில் புதைந்தது, நினைவிருக்கிறதா? மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர். அதில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து ஒருவரை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். அவரும் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அன்றைக்கு அவர்கள் யாரோடும் சண்டை போடவில்லை. அங்கே இருந்தார்கள். அட்டெண்டன்ஸ்.

நீங்கள் சிரித்தது இந்த அட்டெண்டன்ஸைப் பார்த்துத்தான்.

இன்னொன்று. ஃபீல்ட் மார்ஷல் மானெக்‌ஷா படத்தை வருஷா வருஷம் பகிர்கிறீர்களே, அந்த மார்பில் இருக்கிற வரிசையை என்றாவது உற்றுப் பார்த்ததுண்டா? அதில் களத்தில் காட்டிய வீரத்துக்கென்று கிடைத்தது ஒன்றே ஒன்று. 1942, பர்மா, சிட்டாங் பாலம். வயிற்றில் மெஷின்கன் குண்டுகள். பிழைக்கமாட்டார் என்று நினைத்த மேலதிகாரி கோவன், தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றி அவருக்குக் குத்திவிட்டார் என்று சொல்வார்கள். அப்போதெல்லாம் இறந்தவருக்கு அந்தப் பதக்கம் கிடையாதாம். மனிதர் பிழைத்து, தலைமைத் தளபதியாகி, 1971 போரை நடத்தி, குன்னூர்க்காரராகவே ஆகி, 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் கண்ணை மூடினார். ஊட்டியில்தான் அடக்கம். பத்ம விபூஷண், பத்ம பூஷண் போன்றவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், பர்மா ஸ்டார், பூர்வி ஸ்டார் (1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்கு), சங்ராம் மெடல் (அந்தப் போர்க்காலப் பணிக்கு), சைன்ய சேவா (கடினமான பகுதிகளில் பணிக்கு), 20 வருஷப் பணிக்கு ஒன்று, 9 வருஷப் பணிக்கு ஒன்று என்று மீதியெல்லாம் உங்கள் கணக்குப்படி அட்டெண்டன்ஸ்தான். எங்கே, அந்தப் படத்துக்குக் கீழே போய்ச் சிரிப்பு பொம்மை போடுங்கள் பார்ப்போம்.

போடமாட்டீர்கள். பக்கத்து பிளாக் கிழவர் என்றால்தான் வாய் நீளும்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்கலாம். அப்பாவால்தான். அவர் கர்னல் இல்லை. ராணுவத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் ஆர்மி சர்வீஸ் கோரில் டிரைவர். 1963இல் சேர்ந்து, 1971இல் கிழக்குப் பக்கம் மூன்று டன் லாரி ஓட்டினார். வெடிமருந்தும் அரிசியும் ஏற்றிக்கொண்டு இரவில் விளக்குப் போடாமல் போன கதையை மட்டும் சொல்வார். துப்பாக்கி தூக்கிய கதை கிடையாது. நான்கு மெடல்: பூர்வி ஸ்டார், சங்ராம், சுதந்திர வெள்ளி விழா மெடல், 9 வருஷ மெடல். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடந்தன. அம்மா முதன்முதலில் பார்த்தபோது "இதில் எத்தனை பவுன் தேறும்?" என்று கேட்டாளாம். ஒரு பொங்கலுக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து அந்த ஸ்டாரையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். பளபளவென்று வந்தது. அப்பா அன்று சாப்பிடவில்லை. விளிம்பில் பொடி எழுத்தில் அவர் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கும். அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார், தேய்ந்துவிட்டதோ என்று. தேயவில்லை.

அந்த நான்கும் மானெக்‌ஷா மார்பிலும் உண்டு. ஃபீல்ட் மார்ஷலுக்கும் லாரி டிரைவருக்கும் அதே மெடல். இது எனக்குத் தெரிந்தது அப்பா போன பிறகுதான். அவருக்குத் தெரிந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். ஒருவேளை தெரிந்தும் சொல்லாமல் இருந்தாரோ என்னவோ.

அவர் சாவு வீட்டில் என் பெரியப்பா முறை ஒருவர், "இந்தத் தகரத்துக்கா இத்தனை வருஷம் பெண்டாட்டி பிள்ளையை விட்டுக் கிடந்தான்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சாவு வீடு. அன்று விழுங்கியது ஆகஸ்ட் பதினைந்து ராத்திரி மேலே வந்துவிட்டது.

இப்போது சிலர் வருவீர்கள். "விவசாயிக்கு மெடல் உண்டா, துப்புரவுத் தொழிலாளிக்கு உண்டா?" என்பீர்கள். கொடுங்கள், நான் முதல் ஆளாக வந்து கைதட்டுகிறேன். அதற்காக இருப்பதைப் பார்த்து எதற்குச் சிரிக்க வேண்டும்? நேற்று இதைக் கேட்டவர் அவர் வீட்டில் குப்பை எடுக்கும் அக்காவின் பெயரைச் சொல்லட்டும், பிறகு பேசுவோம்.

"தேசபக்தி வியாபாரம்" என்பவர்களுக்கு: அது நடக்கிறது, எனக்கும் பிடிக்காது. ஆனால் அன்று அந்த மேடையில் விற்க மறுத்தவர் கர்னல் சார் ஒருவர்தான்.

மூன்றாவது கேள்வி, இலங்கையில் நம் படை தமிழர்களுக்குச் செய்ததற்கும் மெடல்தானே என்பது. அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். தமிழர். போர்க்கள வீரத்துக்கு நம் நாட்டின் மிக உயர்ந்த பதக்கமான பரம்வீர் சக்ரா வாங்கிய 21 பேரில் ஒருவர். அதில் 14 பேருக்கு இறந்த பிறகே கிடைத்தது, இவருக்கும் அப்படித்தான். 1987 நவம்பர் 25, யாழ்ப்பாணத்துக் கந்தரோடை. இந்திய அமைதிப்படை அங்கே என்ன செய்தது என்று என் யாழ்ப்பாணத்துத் தோழி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவளுக்கு அந்தப் பதக்கம் என்னவாகத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அவளிடம் நான் வாதாடமாட்டேன். அவள் கோபப்பட்டால் தலை குனிந்து கேட்பேன். ஆனால் அவள் சிரித்ததில்லை. இழந்தவர்கள் யாரும் இதைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். சிரித்தது நீங்கள். சோபாவில் கால் நீட்டிக்கொண்டு.

"வீரத்துக்கு வாங்கியதுதானே பெரிசு" என்கிறார் ஒருவர். பெரிசுதான், யார் இல்லை என்றது? ஆனால் அது எப்படிக் கிடைக்கிறது என்று கர்னல் சாரே ஒருமுறை சொன்னார். நீங்கள் செய்ததை ஒருவன் பார்க்க வேண்டும். பார்த்தவன் உயிரோடு திரும்ப வேண்டும். அதை ஒருவர் ஒழுங்காக எழுத வேண்டும். எழுதியது பிரிகேட், டிவிஷன் என்று மேலே ஏறி டெல்லிவரை போக வேண்டும். "என்னோடு இருந்த ஒரு பையன் செய்ததைப் பார்த்தவன் நான் மட்டும்தான். எனக்கு அன்று நினைவு தப்பிவிட்டது" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு என்ன மெடல் வந்திருக்கும்? உங்கள் அட்டெண்டன்ஸ் மெடல்தான்.

அந்தப் பதிவைப் போட்டவரைப் பற்றி ஒன்றே ஒன்று. போன தீபாவளிக்கு ராணுவக் கேண்டீன் விலையில் மிக்ஸி வாங்கித் தர முடியுமா என்று கர்னல் சார் வீட்டு வாசலில் நின்றவர் நீங்கள்தானே? வாங்கிக் கொடுத்தார். ஓடுகிறதா?

அந்த 83 பேரின் பட்டியலையும் திறந்து பார்த்தேன். மூன்று பேர் என் நட்பில் இருக்கிறீர்கள். ஒருவர் அப்பா சாவுக்கு வந்து, தலைமாட்டில் வைத்திருந்த அந்த நான்கு மெடலையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய் "பெருமைக்குரிய தருணம்" என்று போட்டவர். அந்தப் போட்டோ இன்னும் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.