கறி பழுப்பானால் வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை

என்சிலாடாவுக்கு (ரொட்டியில் கறியைச் சுருட்டிச் செய்யும் மெக்சிகோ உணவு) மாட்டுக் கொத்துக்கறியை வதக்கும்போது, பழுப்பு நிறம் வந்தாலே வெந்துவிட்டது, சீஸோடு சுருட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மன்னிக்கவும், நிறத்தை வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. சில கறி போதிய சூடு ஏறும் முன்பே பழுப்பாகிவிடும். சிலது நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு 71 டிகிரி செல்சியஸ். அரைக்கும்போது மேற்பரப்பில் இருக்கும் ஈ.கோலை போன்ற கிருமிகள் கறி முழுக்கக் கலந்துவிடுகின்றன, அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

சோதிப்பது சுலபம். வாணலியில் கறியை ஒரு பக்கமாகக் குவித்து, சமையல் தெர்மாமீட்டரின் முனையை அடியில் படாமல் குவியலின் நடுவே செருகிப் பாருங்கள். தெர்மாமீட்டர் மீதே சந்தேகமா? ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்தால் 0 காட்ட வேண்டும்.