பேட்டரியின் டிஜிட்டல் ட்வின் யார் கையில் இருக்க வேண்டும்?

மின்வாகனத்தின் திரையில் தெரியும் சார்ஜ் சதவீதம் அளந்து சொல்லும் எண் இல்லை, கணித்துச் சொல்லும் எண். பெட்ரோல் டேங்கில் ஒரு மிதவை போட்டுவிடலாம், பேட்டரி செல்லுக்குள் அப்படி எதையும் வைக்க முடியாது. மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை இந்த மூன்றை வைத்துத்தான் உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் சார்ஜ் பெரும்பகுதி இறங்கும்வரை மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்.

இதற்குத்தான் டிஜிட்டல் ட்வின் வேண்டும் என்கிறேன். உங்கள் வண்டியில் இருக்கும் அந்த ஒரு பேட்டரிக்கு மட்டுமான பிரதி கணினியில் ஓடிக்கொண்டிருக்கும், வண்டியிலிருந்து தரவு வர வர அது தன்னைத் திருத்திக்கொள்ளும். ஒரே நாளில் வாங்கிய இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முழு சார்ஜில் வெயிலிலேயே நிற்கிறது, இன்னொன்று நிழலில் பாதி சார்ஜில். முதல் வண்டியின் பேட்டரியில், சார்ஜ் ஆகும்போது லித்தியம் போய்ச் சேரும் மின்முனையான ஆனோடு மேல் படியும் எஸ்இஐ என்ற மெல்லிய படலம் வேகமாகத் தடித்து லித்தியத்தைத் தின்றுவிடும். கடுங்குளிரில் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டால் வேறு பிரச்சினை, லித்தியம் ஆனோடுக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படியும். கிலோமீட்டர் எண்ணிக்கையில் இதெல்லாம் தெரியாது. அப்புறம், தொடராக இணைத்த செல்களில் ஒன்று நலிந்தாலே மொத்த பேக்கும் அதன் அளவுக்குத்தான் வேலை செய்யும். இந்த வரலாற்றை வருடக்கணக்கில் வைத்துக் கணக்குப் போட வண்டிக்குள் பேட்டரியைக் கண்காணித்து நிர்வகிக்கும் அமைப்பான பிஎம்எஸ்ஸின் சின்ன சிப்புக்குச் சக்தி போதாது, வெளியே ஒரு சர்வர் வேண்டும்.

சரி, அந்த சர்வர் யாருடையது? பெரும்பாலும் வண்டி செய்த நிறுவனத்துடையது. பேட்டரி கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவோம் என்று பல நிறுவனங்கள் உத்தரவாதம் தருகின்றன. 69-ஆ 71-ஆ என்று சொல்லப்போவதும் அதே நிறுவனத்தின் சர்வரில் ஓடும் கணினி மாதிரிதான். பணம் கொடுக்க வேண்டியவரே தராசையும் பிடிக்கிறார், இதை என்னால் ஏற்க முடியவில்லை. அதுவும் மாதிரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிழை இருக்கும். 70 என்று ஒற்றை எண்ணைக் காட்டாமல் 67-லிருந்து 73-க்குள் என்று காட்டுவதுதான் நேர்மை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறை இந்த விஷயத்தில் சரியான திசையில் போகிறது. பேட்டரியின் ஆரோக்கியம் பற்றிய தரவை, அதை வாங்கியவர் பிஎம்எஸ்ஸிலிருந்து படித்துப் பார்க்க வழி வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகன பேட்டரிகளுக்கு, அவற்றின் விவரங்களைத் தாங்கிய மின்னணு ஆவணமான டிஜிட்டல் பாஸ்போர்ட்டும் கட்டாயம். பழைய வண்டி வாங்குபவருக்கும், கழற்றிய பேட்டரியைச் சூரிய மின்சாரம் சேமிக்க எடுப்பவருக்கும் இது பெரிய உதவி.

ஆனால் முடிவு எண் மட்டும் கையில் கிடைத்தால் எனக்குப் போதாது. மூலத் தரவும் வேண்டும், அதை வேறொருவரின் மாதிரியில் போட்டுச் சரிபார்க்கும் உரிமையும் வேண்டும். நான் எந்த நேரத்தில் எங்கே சார்ஜ் போடுகிறேன் என்பதிலிருந்தே என் அன்றாடம் முழுக்கத் தெரிந்துவிடும், அவ்வளவையும் தருகிறவனுக்கு அதன் நகலைக் கேட்கும் உரிமைகூடவா இல்லை?