வேலூர்க்காரர்களுக்குச் சொந்த வண்டிதான் பிடிக்குமா?

"வேலூர்ல எல்லாருக்கும் சொந்த வண்டிதான் பிடிக்கும், பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் செலவு வீண், கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலே சாட்சி" என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

நெரிசல் காட்டுவது வண்டிகளை, ஆட்களை அல்ல. காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் 60 பேர் இருந்தாலும் கணக்கில் அது ஒரே வண்டி. அதே 60 பேர் இரண்டிரண்டு பேராகக் காரில் வந்தால் 30 கார். எண்ணிப் பார்ப்பவர்கள் காலை 8 முதல் 9 வரை தலைகளை எண்ணுங்கள், நடப்பவர்களையும் சேர்த்து. பள்ளி விடுமுறை நாளில் எண்ணினால் கணக்கு கெட்டுவிடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் சாராத தொழிலாளர்களில், நாடு முழுவதும், சுமார் 23% பேர் வேலைக்கு நடந்தே போனார்கள். பஸ்ஸில் 11%, காரில் 3%கூட இல்லை. பழைய கணக்குதான், பைக் அதன்பின் பெருகியிருக்கிறது. ஆனால் பெருகியது விருப்பத்தால் மட்டும் என்று எப்படிச் சொல்வது? நடைபாதையில் கடை, கடைசி பஸ் சீக்கிரம் போய்விடுகிறது என்றால் தவணையில் பைக் வாங்குவது வேறு வழியில்லாமல்தான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ்களில் ஏறிப் பார்த்துவிட்டு அந்தப் பதிவை அனுப்பலாம்.