நிக்கோபார் கிளிக்கு ஆரம் கிடையாது
நிக்கோபார் கிளியை ‘நம்மூர்ப் பச்சைக்கிளியின் பெரிய வடிவம்’ என்று ஒரு கட்டுரை சொல்வது சரியில்லை. புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் கத்தும் ஆண் பச்சைக்கிளிக்குக் கழுத்தில் கருப்பும் ரோஜா நிறமுமாக ஆரம் உண்டு. நிக்கோபார் கிளிக்கு அது கிடையவே கிடையாது. தலை சாம்பல், நெற்றியில் கண்வரை ஒரு கருப்புக் கோடு, தாடையில் மை அப்பியது போல அகலமான கருப்பு. ஆணின் மேல் அலகு சிவப்பு, பெண்ணுக்குக் கருப்பு. வாலோடு சுமார் 60 செ.மீ.; நம்மூர்க் கிளி 40தான். கன்னம் சிவந்திருந்தால் அது நிக்கோபாரிலும் வாழும் நீளவால் கிளி, குழப்பம் வருவது இங்கேதான்!

கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார், பக்கத்துச் சிறு தீவுகள், அவ்வளவுதான் நிக்கோபார் கிளியின் உலகம். உயர்ந்த மர உச்சியிலேயே திரிவதால் எளிதில் கண்ணில் படாது. பழுத்த தாழம்பழத்தை விரும்பித் தின்னும். கடலூர்க் கரையில் புதராக நிற்கும் தாழைக்கு அந்தத் தாழை உறவுதான், அங்கே மரமாகவே வளர்கிறது.