புதிய 'சூப்பர்மேன்' படத்தில் பழைய ரீவ் இல்லை

ஹட்டன் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. 2025இல் வந்த 'சூப்பர்மேன்' 1978 படத்தின் தொடர்ச்சியாம். அதில், பழைய படத்தில் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவைக் கணினியில் உயிர்ப்பித்திருக்கிறார்களாம். லயத்தில் யாரோ வாடகைக்கு எடுத்த டெக்கில் அவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இரண்டுமே தவறு.

ஜேம்ஸ் கன் இயக்கிய 2025 படம் புதிதாகத் தொடங்கும் கதை. நாயகன் டேவிட் கொரன்ஸ்வெட். ரீவ் 2004லேயே காலமாகிவிட்டார். அவருடைய பழைய படங்களின் கதையைத் தொட்டுத் தொடர்ந்தது 2006இல் வந்த 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்'. அதிலும் நடித்தவர் பிரண்டன் ரௌத்.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கணினியில் உருவாக்கிய ரீவ் சற்று நேரம் தோன்றியது 2023இன் 'தி ஃப்ளாஷ்' படத்தில். அப்புறம், புதிய படத்தில் உண்மையாகவே ஒரு ரீவ் இருக்கிறார்: அவருடைய மகன் வில். தொலைக்காட்சிச் செய்தியாளராகக் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போவார். ஜோன் வில்லியம்ஸ் 1978இல் அமைத்த மெட்டையும் ஆங்காங்கே எடுத்தாண்டிருக்கிறார்கள். அது காதில் விழுந்ததும் பழைய படம்தான் என்று நினைப்பது, சரி, மன்னிக்கக்கூடிய பிழைதான்.