மூட்டு வலிக்குப் பின்னால் வரும் தசை இழப்பு

முதுமையில் நடமாட்டம் குறைவதைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று, மூட்டுத் தேய்மானம் அதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்று சரியாகவே சுட்டுகிறது. ஆயினும் வலியைத் தொடர்ந்து வரும் தசை இழப்பை அது போதிய அளவு விளக்கவில்லை. முழங்கால் வலிக்கு அஞ்சி ஒருவர் நடப்பதைக் குறைக்கும்போது, தொடையின் முன்பக்கத் தசை வலுவிழந்து, மூட்டைத் தாங்கும் பிடிப்பு தளர்ந்து, வலி மேலும் கூடுகிறது; கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமற்போவது இதற்கு ஓர் ஆரம்ப அடையாளம். எக்ஸ்ரே படத்தில் தெரியும் தேய்மானமும் நோயாளி உணரும் வலியும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை என்பதால், படத்தை மட்டும் பார்த்துவிட்டு 'இனி நடக்கவே வேண்டாம்' என்று வீட்டார் (நல்லெண்ணத்தில்தான்) தடுப்பது தீங்காகவே முடிகிறது.

எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலையான எலும்புப்புரையோ வலியின்றி வளர்ந்து, பலருக்கு எலும்பு முறிந்த பிறகே தெரியவருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்திச் சோதனையில் டி மதிப்பு (இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் அளவு) −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது எலும்புப்புரை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை.

அந்தக் கட்டுரையில் இன்னொன்றும் விடுபட்டுள்ளது. நடக்கும்போது கால்கள் மரத்துப்போய், முன்குனிந்தாலோ அமர்ந்தாலோ அது தணியுமானால், காரணம் முதுகுத்தண்டில் இருக்கக்கூடும் என்பதால், முழங்காலோடு நிறுத்தாமல் முதுகுத்தண்டையும் மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும்.